பத்தமடையில் பேத்திக்கு ஒரு பாய்

பேத்தி தவழ ஆரம்பித்ததும் கூடத்தில் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன். வாங்கிப் பல மாதமாகியும் அதன் நெடி போகவில்லை. அடுத்த முறை திருநெல்வேலி போனபோது, சேரன்மகாதேவிக்கு அருகிலிருக்கும் பத்தமடைக்கு ஒரு நடை போய்வந்தேன்.

ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். நயமான பாய்க்குக் கோரை ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும். அவசரக்காரர்களுக்கான தொழில் இல்லை! மணமக்கள் பெயர் நெய்த சிவப்புக் கல்யாணப் பாயிலேயே என் கண். சாயத்தைப் பற்றிக் கேட்டேன்.

“முன்னே மரப்பட்டைச் சாயம். இப்போ கடைச் சாயந்தாம்மா. பிள்ளைக்குன்னா சாயம் போடாததையே எடுங்க. நனைஞ்சா உடனே காயவைங்க, இல்லேன்னா பூஞ்சை பிடிக்கும்” என்றார் நெய்த பெண்மணி.

வைக்கோல் நிறப் பாயோடு திரும்பினேன். முதல் நாளே பேத்தி நனைத்துவிட்டாள்.