புள்ளியில் தொடங்கும் கோப்புகள்

மாற்றல் ஆணை வந்ததும் குருக்களாகிய நாம் முதலில் செய்வது பிரித்துவைப்பது. திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் பங்கிற்குரியவை. அறைவீட்டு அலமாரியிலேயே இருக்கும். நமது குறிப்பேடுகள் நம்மோடு வரும். கணினிக்கும் இத்தகைய பிரிவினை உண்டு என்பதை எண்ணூர் இளைஞர் ஒருவர் வழியாக அறிந்துகொண்டோம்.

அவர் தமிழ்த் தட்டச்சு செய்து பிழைப்பவர், லினக்ஸ் பயன்படுத்துபவர். எந்தத் தமிழ் எழுத்துரு முதலில் வரவேண்டும், எந்தச் சுருக்கச் சொல் எந்தக் கட்டளையைக் குறிக்கும் என்பன போன்ற விருப்பங்கள் அங்கே சிறு உரைக்கோப்புகளாக இருக்கின்றன. கோப்பின் பெயரோ அது இருக்கும் அடைவின் பெயரோ புள்ளியில் தொடங்குவதால் அவை பட்டியலில் தென்படுவதில்லை. யூனிக்ஸின் தொடக்க நாள்களில், 'இந்த அடைவு', 'மேல் அடைவு' என்னும் இரு குறிகளை மட்டும் மறைக்க எண்ணியவர்கள், எளிது கருதிப் புள்ளியில் தொடங்கும் அனைத்தையும் மறைத்துவிட்டார்கள் என்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் எழுதியிருக்கிறார். அவசரத்தில் செய்தது மரபாகிவிட்டது. மரபுகள் பல அப்படித்தான் பிறக்கின்றன போலும்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் எண்ணெயோடு கலந்து எண்ணூர் வீடுகளில் புகுந்தபோது அவரது கணினியும் மூழ்கியது. ரிச்சி தெருவில் பழைய கணினி ஒன்றை வாங்கினார். ஆண்டுக்கணக்கில் பழகிய அமைப்புகள் யாவும் ஒரே கட்டளையில் அதில் வந்து அமர்ந்தன.

வழி எளியது. மூலக் கோப்புகளை எல்லாம் ஒரே அடைவில் சேர்த்து, அதன் நகலை இராயபுரத்தில் அக்காள் வீட்டில் வைத்திருந்தார். நிரல்கள் தேடும் இடங்களில் கோப்பு இராது. மூலத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே இருக்கும். 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸின் 4.2ஆம் பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. ஒவ்வொன்றாய்க் கையால் இணைப்பதற்குப் பதில், சில வரிகளில் ஒரு ஷெல் நிரல் எழுதிக்கொண்டார். சரியான இணைப்பு முன்பே இருந்தால் அந்நிரல் விட்டுவிடும். வேறு கோப்பு இருந்தால் அழிக்காமல் பெயர் மாற்றி ஒதுக்கிவைக்கும். பிறகே புதிதாய் இணைக்கும். ஆகவே இருமுறை இயக்கினாலும் கெடுதல் இல்லை. ஆனால் மூல அடைவை இடம் மாற்றினால் இணைப்புகள் யாவும் ஆளில்லா வீட்டு முகவரிகளாகிவிடும்.

எமக்குப் பிடித்தது வேறொன்று. தொலைவிலுள்ள கணினிகளுக்குள் நுழையும் இரகசியத் திறவுகோல்களை அவர் அந்த அடைவில் சேர்க்கவே இல்லை. நகல் எவர் கையில் சிக்கினாலும் அந்தரங்கம் வெளிப்படக் கூடாதல்லவா? இரகசியம் காப்பதன் சுமை எமக்குச் சற்றுத் தெரியும். பழைய திறவுகோல்கள் வெள்ளத்தோடு போயின. புதிய கணினியில் அவற்றை மட்டும் புதிதாகவே உருவாக்கிக்கொண்டாராம்.