தராசுக்கு முத்திரை வைப்பது யார்?

மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போது எலக்ட்ரானிக் தராசில் முத்திரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முத்திரை ஆய்வாளர் சரியான எடைக்கல்லை வைத்துச் சோதித்த பிறகு வைப்பது அது. காலம் முடிந்தால் மறுமுத்திரை வாங்க வேண்டும். (எல்லாரும் வாங்குகிறார்களா என்பது வேறு கதை!)

சரி, தராசு 400 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால்? எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு யார் போவது?

விளையாட்டுக் கேள்வி இல்லை. 2015 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்பக்கம் பொருத்தப்பட்ட ஜப்பானின் 'கேலட்' கருவி அப்படி ஒரு தராசுதான். அது நிறுப்பது காஸ்மிக் கதிர்களை. எடைக்குப் பதில் ஆற்றல். உள்ளே லெட் டங்ஸ்டேட் படிகக் கட்டைகள் அடுக்கியிருக்கும். வேகமான எலக்ட்ரான் ஒன்று உள்ளே வந்து மோதினால் துகள் மழையாகச் சிதறும், படிகங்கள் மின்னும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு ஆற்றல்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் படிகம் சூடானால் ஒளி குறையும். நாளாக நாளாகவும் மாறும். அதனால் மோதாமல் நேராக ஊடுருவிப் போகும் புரோட்டான், ஹீலியம் துகள்களை வைத்து ஒவ்வொரு கட்டையையும் சரிபார்க்கிறார்கள். அவை விட்டுப்போகும் ஆற்றல் எவ்வளவு என்பது முன்பே தெரியும். பாஸ்புத்தகத்தோடு கேஷ் புக்கை ஒத்துப் பார்க்கிற மாதிரி. ஆனால் அது சில்லறைக் கணக்கு. மொத்தத் தொகை சரியா என்று பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர் வேண்டும்.

அந்த ஆடிட்டர் பூமியின் காந்தப்புலம். விண்ணிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களை அது வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும். குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேல் இருந்தால்தான் அனுமதி. அந்த வாசல் அளவு ஊருக்கு ஊர் மாறும். துருவத்தில் ஏறக்குறைய சும்மாவே நுழையலாம். ஊட்டியில் செங்குத்தாக இறங்க ஏறக்குறைய 17 ஜிகாவோல்ட் வேண்டும். உலகிலேயே கெடுபிடி அதிகமான வாசல்களில் ஒன்று தென்னிந்தியாவின் தலைக்கு மேல்தான் இருக்கிறது!

இந்த வாசல் அளவைக் கருவியின் உதவியே இல்லாமல் கணக்குப் போட்டுவிடலாம். எலக்ட்ரான்களின் எண்ணிக்கை சட்டென்று விழும் இடத்தைக் கருவி எங்கே காட்டுகிறது, கணக்கு எங்கே சொல்கிறது என்று ஒப்பிட்டால் போதும். கேலட்டில் வித்தியாசம் 3.5 சதவீதம் வந்தது. அதன்படி ஆற்றல் அளவைத் திருத்தினார்கள். ஃபெர்மி தொலைநோக்கியும் இதே முறையில் சோதிக்கப்பட்டது.

(இந்த வாசலை இந்தியர்கள் 1985-லேயே வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். டாடா ஆய்வு நிறுவனத்தின் 'அனுராதா' சோதனை சேலஞ்சர் விண்கலத்தில் போனது. துகளின் ஆற்றலையும் அது நுழைந்த இடத்தையும் வைத்து, அதில் எவ்வளவு மின்னூட்டம் என்று கண்டுபிடித்தார்கள்.)

3.5 சதவீதத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். ஆற்றல் கூடக் கூட எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மிக வேகமாகக் குறையும். அதனால் ஆற்றலில் 3 சதவீதம் பிசகினால் எண்ணிக்கையில் 6 சதவீதம் பிசகும். அந்த வளைகோட்டில் ஒரு சின்ன மேடு தெரிந்தால் அது கரும்பொருளின் தடயமாக இருக்குமோ என்று உலகமே தேடிக்கொண்டிருக்கிறது. தராசு பிசகினால் இல்லாத மேடும் தெரியலாம், இருக்கும் மேடும் மறையலாம்.

இதில் ஒரு குறை உண்டு. காந்தப்புலம் தரும் எடைக்கல் 10, 15 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். தேடல் நடப்பதோ நூறு, ஆயிரம் என்ற அளவுகளில். ஐந்து கிராம் கல்லை வைத்துச் சோதித்த தராசில் அரை கிலோ நிறுப்பது போலத்தான். ஏவுவதற்கு முன் செர்ன் ஆய்வகத்தின் துகள் கற்றைகளில் சோதித்த அனுபவம்தான் மீதிக்குத் துணை.

2015 டிசம்பரில் சீனா அனுப்பிய 'டாம்பே'யும் அதே எலக்ட்ரான்களை நிறுத்தது. சில நூறு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே கேலட் சொல்லும் எண்ணிக்கை குறைவு, டாம்பே சொல்வது அதிகம். இரண்டு கடை, ஒரே கத்தரிக்காய்.