எட்டாயிரத்துச் சொச்சம்

10 மார்ச் 2019, ஞாயிறு

தேர்தல் தேதி வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18. வேலூர் லாங் பஜார் கடைக்காரனுக்கு இந்தச் செய்தியின் பொருள் ஒன்றுதான்: இனி ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் பில்லும் கூடவே போக வேண்டும். சித்தூரிலிருந்து சரக்கெடுக்க வருகிறவர் பணத்தைப் பையில் கட்டிக்கொண்டு வருகிறவர். வழியில் பறக்கும் படை பிடித்தால், அது மிளகாய்ப் பணம் என்று நிரூபிப்பதற்குள் மிளகாய் விலையே மாறிவிடும்.

2 ஏப்ரல், செவ்வாய்

ஊரே கொதிக்கிறது. சனிக்கிழமை காட்பாடியில் திமுகவின் துரைமுருகன் வீட்டில் வருமான வரிச் சோதனை. நேற்று, திமுக பிரமுகர் ஒருவருக்கு வேண்டியவரின் சிமென்ட் கிடங்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியதாம். வார்டு வாரியாகக் குறித்துக் கட்டி வைத்திருந்தார்கள் என்கிறது செய்தி. பழிவாங்கல் என்கிறது அந்தத் தரப்பு. திமுக வேட்பாளர் துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த். எதிரே ஏ.சி.சண்முகம், புதிய நீதிக் கட்சித் தலைவர், நிற்பது அதிமுகவின் இரட்டை இலையில்.

மூட்டை இறக்குகிற பெரியவர் கேட்டார்: “இன்னாண்ணே, நம்ம வார்டுக்கு எவ்ளோ எழுதி இருந்துச்சாம்?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சத்தோடு.

16 ஏப்ரல், செவ்வாய்

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் வேலூர் தேர்தல் ரத்து. தேர்தல் ஆணையம் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் அறிவிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார். மக்களவைத் தேர்தலுக்கு அறிவிக்கை தருபவர் அவர் என்பதால் கையெழுத்தும் அவருடையது. சட்டமன்றத் தேர்தல் என்றால் அந்த வேலை ஆளுநருடையது. பணத்துக்காக 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே.நகரும் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறோம். மக்களவைத் தொகுதி ஒன்று இப்படி நிற்பது நாட்டிலேயே இது முதல் தடவை.

இதில் ஒரு கூத்து. ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் 18ஆம் தேதியே நடக்கும். அதே சாவடி, அதே வாக்காளர், எம்.எல்.ஏ.வுக்குப் போடலாம், எம்.பி.க்குப் போடக் கூடாது.

23 மே, வியாழன்

தமிழ்நாட்டில் எண்ணிய 38 இடங்களில் 37 திமுக கூட்டணிக்கு. தேனி மட்டும் தப்பியது. பக்கத்து அரக்கோணத்தில் ஜெகத்ரட்சகன் மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். ஆம்பூர், குடியாத்தம் இடைத்தேர்தல்களும் திமுகவுக்கே. குடியாத்தத்தில் கிட்டத்தட்ட 28 ஆயிரம் வித்தியாசம். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் இலைக்காகக் காத்திருக்கிறோம். இந்தக் காற்றில் வேலூருக்குத் தேர்தல் எதற்கு, நேரே அறிவித்துவிடலாமே என்று டீக்கடையில் பேச்சு.

20 ஜூலை, சனி

வேலூர் தேர்தலுக்கு ஆகஸ்ட் 5 என்று தேதி குறித்த நாளிலிருந்து மந்திரிகளும் மாவட்டச் செயலாளர்களும் இங்கேயே குடியிருக்கிறார்கள். நாட்டில் ஒரே ஒரு தொகுதிக்குத் தேர்தல் நடந்தால் எல்லாப் பெரிய தலைகளும் அங்கேதான் வரும். லாட்ஜுகளில் இடமில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வடக்கேயிருந்து வருகிற நோயாளிக் குடும்பங்கள் அறை கிடைக்காமல் தெருத் தெருவாக விசாரிக்கின்றன. எங்களுக்கு மறுபடி பில், மறுபடி பறக்கும் படை.

30 ஜூலை, செவ்வாய்

முத்தலாக் மசோதா மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதிமுக வெளிநடப்பு. ஆனால் சில நாள் முன்பு மக்களவையில் அதே கட்சியின் ஒரே உறுப்பினர், தேனியின் ரவீந்திரநாத், மசோதாவை ஆதரித்துப் பேசியிருந்தார். கடைக்கு வந்த தோல் தரகர் பாய் பத்திரிகையை மடித்து வைத்தார். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் அன்றாடம் போய் வருகிறவர். “அண்ணே, ஒரு வீட்டுல ரெண்டு பேச்சு. எங்க ஜனம் எதைக் கேட்கும்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. கேள்வியாகவும் அவர் அதைச் சொல்லவில்லை.

5 ஆகஸ்ட், திங்கள்

காலையில் போய் வாக்களித்துவிட்டு வந்தேன். வாக்குப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்பது சட்டம். ஷூ கம்பெனிப் பெண்கள் வேனுக்கு ஓடாத திங்கட்கிழமை. மதியத்துக்குள் டெல்லியிலிருந்து செய்தி: காஷ்மீருக்கான 370ஆவது பிரிவின் சிறப்புரிமை நீக்கம் என்று மாநிலங்களவையில் அமித் ஷா அறிவித்துவிட்டார். டி.வி.யில் வேலூரே காணாமல் போயிற்று. வரிசையில் நின்றவர்களின் கைபேசியில் மட்டும் இரண்டும் சேர்ந்தே ஓடின.

9 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் சண்முகம் முன்னிலை. சந்தையில் ஒரு பக்கம் பட்டாசு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள். முற்பகலுக்குள் கதிர் ஆனந்த் முந்தினார். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் மூன்றும் இலைக்கு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் சூரியனுக்கு. ஏப்ரலில் 28 ஆயிரம் கொடுத்த குடியாத்தம் ஆகஸ்டில் கட்சி மாறி நிற்கிறது. வாணியம்பாடி ஒன்று கொடுத்த முன்னிலையே முழுத் தொகுதியின் வித்தியாசத்தைவிடப் பெரிது.

முடிவு: 4,85,340 – 4,77,199. வித்தியாசம் 8,141. நோட்டாவுக்கு விழுந்ததே அதைவிட அதிகம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டு நாளாக இந்த 8,141க்கு உரிமைப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். “நாங்க இல்லன்னா கவுந்திருக்கும்” என்று ஜமாத்தில் பேச்சு. கடைசி இரவு அலைந்தது நாங்கள்தான் என்கிறார் வட்டச் செயலாளர். நாம் தமிழருக்கு விழுந்த 27 ஆயிரம் யாரைக் காப்பாற்றியது என்று ஒரு கணக்கு. தோற்ற பக்கமோ, 370 ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் என்கிறது. ஒவ்வொருவர் சொல்வதும் சரி. அதனாலேயே யாருடையதும் முழுச் சரியில்லை. வித்தியாசம் சுருங்கினால் அதைவிடப் பெரிய எந்தக் கூட்டமும் “என்னால்தான்” என்று சொல்லலாம். எட்டாயிரம் பேர் இருக்கிற கூட்டங்கள் இந்தத் தொகுதியில் எத்தனையோ.

சியாட்டிலில் இருக்கிற அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே ஆளுநரையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு வருபவர் நியமனம். அவன் 2004 ஆளுநர் தேர்தலைச் சொன்னான். அவர்கள் மாநிலத்தில் முதல் எண்ணிக்கையில் டினோ ராசி 261 வாக்கு முன்னே. இயந்திரத்தில் மறுபடி எண்ணினால் 42. கையால் எண்ணியபோது கிறிஸ்டின் கிரிகோயர் 129 வாக்கில் முந்தி ஆளுநரானார். வழக்கு அடுத்த ஆண்டு ஜூன் வரை நடந்ததாம். “எட்டாயிரமெல்லாம் பெரிய மெஜாரிட்டி மாமா” என்று சிரித்தான். உண்மைதான். 2016இல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 வாக்கிலும், ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்கிலும் தோற்றார்கள்.

4 ஜூன் 2024, செவ்வாய்

அதே கதிர் ஆனந்த், அதே சண்முகம். இம்முறை சண்முகம் தாமரையில். அதிமுக தனியாக பசுபதியை நிறுத்தியது. முடிவு 5,68,692 – 3,52,990. வித்தியாசம் 2,15,702. பஜாரில் லட்டு கொடுத்தார்கள். யாருடைய வாக்கால் ஜெயித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையில் எவருக்கும் பங்கு கேட்கத் தோன்றவில்லை.

கடையைச் சாத்துமுன் பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பசுபதிக்கு 1,17,682. சண்முகத்தோடு கூட்டினால் 4,70,672. ஐந்தாண்டுக்கு முன் இரட்டை இலையில் சண்முகம் வாங்கியது 4,77,199. ஏறக்குறைய அதே எண். அதே ஆட்கள்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் சூரியனுக்குப் போடாத அந்தப் பக்கம் எங்கேயும் கரைந்துவிடவில்லை. இரண்டு சின்னத்தில் பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். சூரியன் பக்கம் 83 ஆயிரம் கூடியது நிஜம். மீதி வித்தியாசம் பெரும்பாலும் எதிர்த்தரப்பு பிளந்ததால் வந்தது. 2019இல் ஜெயித்தவருக்கு, தனக்குப் போடாதவர் பாதிப்பேர் என்பது ஒவ்வொரு தெருவிலும் தெரிந்திருக்கும். இரண்டு லட்சம் அதை மறைத்துவிடும். நாளைக்கு நன்றி சொல்ல ஜீப் வரும்போது, இந்த 4,70,672ஐ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மாலையை விட அதுதான் அவருக்குப் பயன்படும்.