ஸ்கேன் கேபிள் பழுது: கல்முனைக் கராஜ் நாட்குறிப்பு

திங்கள்

கார் ஸ்கேன் கேபிளின் ஒரு தலை ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் சொக்கட்டிலும் மறு தலை லெப்டொப்பின் யூஎஸ்பியிலும் ஏறும். தொடர்பு கிடைக்காவிட்டால் பழி முதலில் கேபிள் மேல்தான் விழும். எப்போதும் அது நியாயமல்ல. வண்டியின் கோளாறுகளை ஸ்கேனருக்குச் சொல்லும், அமெரிக்கா 1996இல் கட்டாயமாக்கிய ஒபிடி-2 முறை, ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய வண்டிகள் பலவற்றில் இல்லை. சொக்கட்டின் வடிவம் மட்டும் ஒன்றே. கல்முனை, சாய்ந்தமருது வீதிகளில் ஜப்பானிலிருந்து வந்த இத்தகைய ரீகண்டிஷன் வண்டிகளுக்குக் குறைவில்லை என்பதால், ஒழுங்காகப் பேசும் இன்னொரு வண்டியில் கேபிளைச் செருகிப் பார்ப்பதே முதல் சோதனை.

செவ்வாய்

அந்த இன்னொரு வண்டியில் கேபிள் பேசினால் குற்றம் முதல் வண்டியினுடையது. அதன் சொக்கட்டில் 4ஆம் முனைக்கும் 16ஆம் முனைக்கும் இடையே, சாவி போடாமலே, பற்றரியின் 12 வோல்ட் நிற்க வேண்டும். இல்லையென்றால் பியூஸைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் சிகரட் லைட்டருக்கும் அதே பியூஸ்தான். மலிவான போன் சார்ஜர் ஒன்று ஷோர்ட் ஆனாலே ஸ்கேனர் ஊமையாகிவிடும்.

புதன்

எந்த வண்டியிலும் பேசாத கேபிளை லெப்டொப்பில் மட்டும் செருகி, லெப்டொப் அதை அடையாளம் காண்கிறதா என்று பார்க்கலாம். மலிவுக் கேபிள்கள் பலவற்றில் இருப்பது எஃப்டிடிஐ என்ற நிறுவனத்தின் யூஎஸ்பி சிப்பின் போலி. 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அந்த நிறுவனத்தின் டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணை 0000 ஆக்கியது. வயரில் கீறல்கூட இல்லாத கேபிள்கள் செத்தவை போலக் கிடந்தன. அந்த எண்ணைத் திரும்ப எழுதினால் அவை உயிர்பெறும்.

வியாழன்

சிப் சரியென்றால் மிச்சம் வயர்தான். முறிவு பெரும்பாலும் வயர் பிளக்குக்குள் நுழையும் கழுத்தில் நிகழும். மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து, கழுத்தை மெல்ல வளைத்துக்கொண்டே ஒவ்வொரு முனையாகச் சோதிக்க வேண்டும். அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் இடம் அதுதான். பிளக்கில் முனைகளின் வரிசை சொக்கட்டுக்குக் கண்ணாடிப் பிம்பம்; இதை மறந்து நல்ல வயரை வெட்டியவர்கள் உண்டு.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

உப்புக்காற்று புகுந்த செம்பு பச்சை பூத்திருக்கும். அதில் ஈயம் ஒட்டாது. சுரண்டுவது வீண்வேலை. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டித் தள்ளி, சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோத்துக்கொண்டு, பிறகு பற்றவைக்க வேண்டும். 6, 14ஆம் முனைகளுக்கான, வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் (CAN) வயர் இரண்டும் முறுக்கியே இருப்பது அவசியம். முறுக்கு அவிழ்ந்தால் இரைச்சல் ஏறும்.

சனி

ஒட்டிய கேபிளை நேரே வண்டியில் செருகுவது துணிச்சலல்ல, அவசரம். 12 வோல்ட் பற்றரியோடு சிறிய பல்பு ஒன்றைத் தொடராக வைத்து 16ஆம் முனைக்குக் கரண்ட் கொடுத்தால், உள்ளே ஷோர்ட் இருக்கும்போது பல்பு முழுதாய் எரிந்து காட்டிக்கொடுக்கும், லெப்டொப் தப்பும். அதன் பின்னரே வண்டி. கேன் வண்டியில் பேசியதால் மட்டும் வேலை முடிந்ததாகாது: பழைய வண்டிகள் பேசும் 7ஆம் முனையின் கே-லைன் வயரை அத்தகைய வண்டியொன்றில் தனியே சோதிக்க வேண்டும்.