என்ஜின் எங்கே?

விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜின் மாற்றுவார்கள். மெட்ராஸிலிருந்து வரும் மின்கம்பி அங்கேயே முடிந்துவிடும். அதுவரை மின்சார என்ஜின் இழுத்து வந்த வண்டிக்கு அதற்கு மேல் நீராவி, இல்லாவிட்டால் டீசல். மீட்டர் கேஜ் பாதையில் விழுப்புரம் வரை 1960-களிலேயே மின்சார ரயில் ஓடியது, என்ஜின்கள் ஜப்பானிலிருந்து வந்தவை என்றெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். பையன்களான எங்களுக்கு அந்த ஜப்பான்காரர் ஒரு பொருட்டே இல்லை. சத்தமில்லாமல் கழன்று போய்விடுவார். அடுத்து வரப்போகிறவர்தான் எங்கள் ஆள்.

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த உல்லாசப் பயணம் அதுதான். வீட்டில் அத்தனை பேருக்கும் சினிமா டிக்கெட் எடுப்பதைவிட பிளாட்பாரம் டிக்கெட் மலிவு என்று அப்பா கணக்குப் போட்டிருப்பார். அம்மா அதற்கும் பூ வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். ஒருவரும் ஊருக்குப் போகப்போவதில்லை, ஆனால் பையில் புளிசாதம் இருக்கும். தெரிந்தவர் யாராவது எதிரே வந்து, "எங்க, மெட்ராஸுக்கா?" என்று கேட்டுவிட்டால் அம்மாவுக்குக் கூச்சமாகிவிடும். "இல்லீங்க, பசங்களுக்கு வண்டி காட்டலாம்னு" என்று சொல்லி என் தலையை ஒரு தடவு தடவுவாள், நான்தான் அடம்பிடித்தேன் என்பதுபோல.

முதலில் ஷெட் பக்கம் புகை தெரியும். பிறகு, கரியும் தண்ணீரும் சுமக்கிற பின்பகுதியை முன்னே விட்டு, நீராவி என்ஜின் பின்னோக்கியே மெதுவாக வரும். பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் தண்டவாளத்தில் இறங்கி நின்று கையை ஆட்டி ஆட்டி அழைப்பார். வா, வா, இன்னும் கொஞ்சம், மெதுவா, மெதுவா. டங்! அந்த அதிர்ச்சி பெட்டி பெட்டியாகக் கடைசி வரை ஓடும். உள்ளே காபி டம்ளரைக் கையில் வைத்திருந்தவர்கள் திட்டுவது வெளியே கேட்கும். அவர் குனிந்து கொக்கியை மாட்டி, பிரேக் குழாயை இணைத்து, இழுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி பிளாட்பாரத்தில் ஏறுவார். எங்களுக்கு அவர்தான் பெரிய ஆள். டிரைவர்கூட அடுத்தபடிதான். இவர் மாட்டாமல் விட்டால் டிரைவர் என்ன செய்வார்?

அந்தப் பாதையெல்லாம் இப்போது அகலமாகிவிட்டது. என்ஜின் மாற்றுவதைப் பார்க்க வேண்டுமென்றால் குன்னூருக்குத்தான் போகவேண்டும். ஊட்டி மலை ரயிலை அதுவரை தள்ளிக்கொண்டு வந்த நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு அங்கே டீசல் மாட்டுகிறார்கள்.

தள்ளிக்கொண்டு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் மகளை மேட்டுப்பாளையத்துக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனபோது அவள் ஒன்றாம் வகுப்பு. பிளாட்பாரத்தில் இறங்கியதும் நேரே வண்டியின் முகப்புக்கு ஓடினாள். அங்கே என்ஜின் இல்லை. கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெட்டி, வாசலில் பச்சைக்கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன், அவ்வளவுதான். "என்ஜின் எங்கப்பா?" என்றாள், ஏமாற்றப்பட்டவள் குரலில். மறுகோடிக்கு நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினேன். பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு மனசு ஆறவில்லை. தப்பா மாட்டிட்டாங்க, போய்ச் சொல்லு என்றாள்.

அந்த என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். 46 கிலோமீட்டர் தூரத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டிக்கு ஏறவேண்டும். கல்லாறு தாண்டியதும் 12 அடி போனால் ஒரு அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பட்டைகள் இரண்டு, பற்களோ ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்தவை. ஒரு பல் விடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். இங்கிலாந்தில் செய்த என்ஜின்களை வைத்து 1899-இல் குன்னூர் வரை ஓட்டினார்கள், 1908-இல் ஊட்டியைத் தொட்டார்கள்.

இதில் என் மகளுக்கு எட்டியது பல் மட்டும்தான். அப்போது அவளுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கும் பல் உண்டு என்றதும் நாக்கால் தன் பல்லைத் தள்ளிப் பார்த்துக்கொண்டாள். அது விழுந்தா? என்றாள். விழாது, இரும்பு. எல்லாம் விழும்ப்பா, மிஸ் சொன்னாங்க.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை வண்டி மனிதன் ஓடும் வேகத்துக்கு மேல் போவதில்லை. பெரியவர்களுக்கு அது சுகம். பாறை, பாலம், குகை, மறுபடி பாலம். பதினாறு குகைகள். ஒவ்வொன்றிலும் பெட்டி முழுக்க 'ஓ' என்று கத்துகிறது, அறுபது வயதுக்காரர்களும் கத்துகிறார்கள். ஆனால் குழந்தைக்கு மூன்றாவது குகையோடு குகை தீர்ந்துவிடுகிறது. பெட்டியில் கழிப்பறை கிடையாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன். குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதைக் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது நம் தாகமும் தொல்லைகளும் ஒருசேரத் தீரும். அங்கேதான் ஒரு குரங்கு என் மகளின் கையிலிருந்த முறுக்கைப் பறித்துக்கொண்டு போனது. எப்படிப் பறித்தது என்றுகூடத் தெரியவில்லை. நாலரை மணி நேரப் பயணத்தில் அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னது அதைத்தான்.

கேத்தி நிலையம் வந்ததும் பெட்டியில் ஒரு அசைவு. பெரியவர்களெல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். 'மூன்றாம் பிறை' 1982-இல் வந்த படம். அதன் கடைசிக் காட்சி அந்தப் பிளாட்பாரத்தில் எடுத்தது. என் மனைவி கம்பத்தைத் தேடினாள், கமல் மோதிக்கொண்ட கம்பம் எது என்று. எதிர் சீட்டு அம்மாள் ஒருத்தி இந்தக் கம்பம்தான் என்று சாதித்தார், வேறொருவர் மறுத்தார். மகள் எங்கள் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் ஸ்டேஷன்.

சாயந்திரம் ஊட்டி படகு இல்லத்துக்குப் போனோம். அங்கே ஒரு குட்டி ரயில், வட்டப்பாதை. ஏறினால் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். அதைக் கண்டதும் அவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். காரணம் கேட்கவே வேண்டியதில்லை: என்ஜின் முன்னால் இருந்தது. புகைக்குழாய் வெறும் தகரம், உள்ளே ஏதோ மோட்டார், சத்தம் ஆட்டோவுக்கு உரியது. அதெல்லாம் அவள் கணக்கில் வரவேயில்லை. மறுபடி, மறுபடி என்று ஏறினாள். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே ஊட்டி ரயில், அதைவிட இதுதான் அவளுக்கு ரயில். எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. டிக்கெட்டுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். மனைவி சிரித்தாள். "ஊட்டி ரயில் உங்களுக்கு, இது அவளுக்கு. பேசாம ரெண்டுக்கும் காசு குடுங்க."

விழுப்புரத்திலும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. எங்களுக்கு வண்டி காட்ட வந்ததாகச் சொன்ன அப்பா, வண்டி புறப்பட்டபின் அது போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். புளிசாதத்தைப் பிரிக்கட்டுமா என்று அம்மா இரண்டு முறை கேட்கவேண்டியிருக்கும். அவருக்கு எந்த ஊர் ஞாபகம் வந்ததோ.

ஊட்டியிலிருந்து திரும்பிய அந்தக் கோடை விடுமுறையில் வீட்டு ரயில் விளையாட்டின் சட்டமே மாறிப்போனது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடும் அதே பழைய ரயில்தான். எங்கள் காலத்தில் அண்ணன் என்ஜின், நான் எப்போதும் கார்டு. என்ஜினாக வேண்டும் என்று அழுதாலும் விடமாட்டான். என் மகளோ கடைசியில் போய் நின்றுகொண்டு, நான்தான் என்ஜின் என்றாள். சித்தப்பா பிள்ளைகளை முன்னால் நிறுத்தித் தள்ளினாள். திண்ணைப் படியில் பெட்டிகள் சரிந்தன, ஒருவனுக்கு முழங்கால் சிராய்ப்பு. "இது மலை ரயில், இப்படித்தான்" என்று வாதாடினாள். பள்ளத்துப் பக்கம் நிற்கவேண்டும் என்பதைப் புரிந்துவைத்திருந்தாள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. சிராய்த்தவனின் அம்மாவுக்கு அந்த மகிழ்ச்சி இல்லை.

இப்போது என் மகளின் பிள்ளையை நான் சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். பெரம்பூர் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டி 2002-இல் திறந்தது. ஐ.சி.எஃப். என்பது 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2018-இல் முதல் வந்தே பாரத் வெளிவந்ததும் அங்கிருந்துதான். பழைய நீராவி என்ஜின்கள் மரத்தடியில் வண்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றன. ஏறாதே, தொடாதே என்று பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தொடக்கூடாத என்ஜினைக் குழந்தைக்கு எதற்குக் காட்டவேண்டும் என்பது என் கட்சி. மணியாவது அடிக்க விடலாம். நல்லவேளை, அங்கேயும் ஒரு குட்டி ரயில் சுற்றுகிறது. பேரன் அதில் ஏறுவான், இறங்குவான். ஆனால் தாயைப்போல அவன் அதற்கு மயங்கிப்போகவில்லை.

அவனுக்குப் பிடித்தது மெட்ரோ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கேயும் போகவேண்டிய வேலையில்லாமல் மெட்ரோவில் ஏறி, கோடியில் போய்த் திரும்பி வரும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். பூ வைத்த அம்மாக்கள், பையில் தின்பண்டம். அவன் முதல் பெட்டியில் ஓட்டுநர் அறைக் கதவை ஒட்டி நின்றுகொள்வான். என்ஜின் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் என்று நானாகச் சொன்னேன். ம் என்றான். அடுத்த கட்டத்துக்கு ஓட்டுநரே இல்லாத ரயில்களைச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். "அப்போ அந்த ரூம்ல நான் நிக்கலாமா தாத்தா?"

வீட்டில் அவன் ரயில் விளையாடுவதைப் பார்த்தால் விழுப்புரத்துக்காரனுக்கு ஒன்றும் புரியாது. கூ இல்லை, சிக்குபுக்கு இல்லை. சட்டையைப் பிடித்து ஓடுவதும் இல்லை. ஹாலில் எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, சோபாமேல் ஏறி நின்று, மூக்கால் ஒரு பெண்குரல் எடுத்து, "அடுத்த நிலையம் கிண்டி. கதவுகள் இடதுபுறம் திறக்கும்" என்கிறான். பாட்டி சமையலறைக்கு நகர்ந்தால் கதவு மூடிவிட்டது, கிண்டி வரட்டும் என்று அதட்டல். அடுப்பில் பால் பொங்குகிறதடா என்றாலும் கிண்டி வந்தால்தான் விடுகிறான்.