கட்டம் இல்லாத சாதனை

ஆய்வு மாணவர்களின் சாதனைகளைக் கேட்டுத் துறைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். கட்டுரைகள் எத்தனை, கருத்தரங்குகள் எத்தனை, விருது உண்டா, காப்புரிமை உண்டா. எந்த மத்தியப் பல்கலைக்கழகமானாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே.

சேர்க்கைக் காலத்தில் இத்தகைய வளாகங்களில் மாணவர்களே ஓர் உதவி மேசை போடுவதுண்டு. அங்கு அமர்ந்திருப்போரில் பலர் முனைவர்பட்ட ஆய்வாளர்கள். தாமும் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள். மாநில அரசின் சாதிச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் மாணவனிடம், மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும், கிரீமிலேயரில் வராதவர் என்ற குறிப்பும் அதில் வேண்டும் என்று விளக்குபவர்கள் அவர்களே. தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இது புதிராகவே இருக்கும். அம்மாநில இடஒதுக்கீட்டில் கிரீமிலேயர் என்ற பேச்சே கிடையாது. ஊரிலிருக்கும் தந்தைக்குத் தொலைபேசியில் விவரம் சொல்லி அவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவதும், அதுவரை உறுதிமொழிக் கடிதம் எழுதித் தந்து அவகாசம் கேட்டு மன்றாடுவதும் அவர்கள் வேலைதான். அந்த மாணவன் திரும்பிப் போகாமல் வகுப்பில் உட்காருவதைவிடப் பெரிய சாதனையை அந்தப் படிவம் காட்டிவிடுமா என்பது ஐயமே.

இதற்கு விலை உண்டு. நெட் அல்லாத உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய்; ஜேஆர்எஃப் பெறுபவருக்கு 2023 முதல் 37,000. இருவரும் 6 ஆண்டுகளுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்; தவறினால் மறுபதிவு. மேசையில் கழியும் ஒவ்வொரு பிற்பகலும் ஓர் அத்தியாயத்திலிருந்து பிடுங்கப்பட்டதே. 'இதெல்லாம் உனக்கு எதற்கு' என்று நெறியாளர் கேட்பதும் அக்கறையில்தான்.

அவர் கணக்கு தவறல்ல. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரைத் தெரிவுசெய்ய 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்த அட்டவணையில் ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், உச்சவரம்பு 10. கற்பித்தல் அனுபவத்துக்கும் ஆண்டுக்கு 2. மாணவர் நலப் பணிக்குக் கட்டமே இல்லை. ஆய்வேடு சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட வேண்டுமென்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியும், பணம் கட்டினால் அச்சிட்டுத் தரும் இதழ்களின் வணிகம் படுத்துவிடவில்லை.

அதற்காக இப்பணிக்கும் மதிப்பெண் வேண்டுமென்று கேட்பது ஆபத்து. அடுத்த மாதமே 'மாணவர் நலப் பணிச் சான்றிதழ்' விற்பனைக்கு வந்துவிடும்! வேறொரு வழி உண்டு. அதே 2022 விதிமுறைகள், ஆய்வாளர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுட்டோரியல், ஆய்வகம், மதிப்பீடு போன்ற பணிகளை அளிக்கலாம் என்கின்றன. புதிய மாணவர்களுக்கு வழிகாட்டும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். நிதியும் வேண்டாம், புதிய குழுவும் வேண்டாம். துறைத் தலைவரின் கையெழுத்து ஒன்று போதும்.