கைக்குப் பின்னால் வரும் ஓசை

பெங்களூரு அடுக்ககங்களில் நிஜ டிரம்ஸ் வைத்துப் பழக வழியில்லை. அல்சூரிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு ஸ்நேர் அடி விழுந்தால் மேல்வீடு, கீழ்வீடு எல்லாம் எழுந்துவிடும். மின்னணு டிரம்ஸ் எங்களைக் காப்பாற்றியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவிலும் வாசிக்கலாம். ஆனால் லேப்டாப்பில் பதிவு செய்ய உட்கார்ந்தால், கை அடித்து முடித்த பிறகு ஓசை வருகிறது.

இசைக்கு மின்னணுப் பெட்டி இந்த ஊருக்குப் புதிதல்ல. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் 1979-ல் இங்கேதான் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனம் பிறகு தாளப்பெட்டியும் செய்தது. தாளப்பெட்டி முன்னே போகும், பாடுபவர் அதைப் பிடித்துக்கொண்டு போவார். டிரம்ஸில் கைதான் முன்னே போகிறது. கருவி அதன் பின்னால் ஓடி வரவேண்டும். அது எவ்வளவு பின்தங்குகிறது என்பதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

கணினி ஒலியைச் சிறு சிறு மாதிரிகளாகச் சேர்த்துவைத்து மொத்தமாக வெளியே அனுப்புகிறது. சேர்த்துவைக்கும் இடம் பஃபர். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், 1024 மாதிரிகள் கொண்ட பஃபர் ஏறக்குறைய 23 மில்லிவிநாடியைத் தின்றுவிடும். காற்றில் ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 செ.மீ. போகும். அப்படியானால் மடியருகே இருக்கும் ஸ்நேர், எட்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல் கேட்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடிக்குள் நான்கு தட்டு வாசித்தால் தட்டுக்குத் தட்டு 125 மில்லிவிநாடிதான் இடைவெளி. அதில் 23 போனால் லயம் எங்கே நிற்கும்? காது தாமதமாகக் கேட்பதால் கை தானாகவே முந்த ஆரம்பிக்கிறது. பதிவைத் திரும்பக் கேட்டால் எல்லாத் தட்டும் முந்திக் கிடக்கும். பழகுபவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். அதுதான் எனக்கு வருத்தம்.

பஃபரை 128-க்கு இறக்கினால் தாமதம் மூன்று மில்லிவிநாடிக்கு வந்துவிடும். பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் தூரம் இருப்பதற்குச் சமம்; யாருக்கும் உறுத்தாது. ஆனால் கணினியால் ஈடுகொடுக்க முடியாமல் படபடவென்று வெடிச்சத்தம் வரலாம். விண்டோஸில் முதலில் பார்க்கவேண்டியது டிரைவர்: பொதுவான டிரைவரை விட்டு, தாமதம் குறைந்த ஏஎஸ்ஐஓ டிரைவருக்கு மாறவேண்டும். பவர் சேவிங்கை நிறுத்தவேண்டும், யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகவேண்டும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் நான் சொல்வது, டிரம்ஸோடு வரும் ஒலிப்பெட்டியான மாட்யூலின் சொந்த ஓசையையே ஹெட்போனில் கேளுங்கள், கணினி மிடியை மட்டும் பதியட்டும். மிடியில் ஒலியே கிடையாது. எந்த பேட், எவ்வளவு பலம், எப்போது என்ற தகவல் மட்டும்தான். நல்ல ஸ்நேர் ஓசையைப் பிறகு நிதானமாகப் பூசிக்கொள்ளலாம். வாசிக்கும்போது கணினியின் ஓசையை மட்டும் அணைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அடியும் இரட்டையாகக் கேட்கும்.

மிடிக்குப் பதிலாக மாட்யூலின் ஒலியையே பதிபவர்களுக்கு இரைச்சல் வரலாம். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் காரணம் எர்த் வழியாக வரும் சுற்று. மாட்யூல், லேப்டாப் இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள், அல்லது நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் வையுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் உடைக்காதீர்கள், அது உயிர் காக்கும் கம்பி.

இன்னொரு தொல்லை, கிக்கை மிதித்தால் சிம்பலும் பதிவாகும். எல்லாம் ஒரே சட்டத்தில் மாட்டியிருப்பதால் அதிர்வு தாவுகிறது. பலர் மாட்யூலில் திரெஷோல்டை, அதாவது தட்டு பதிவாகத் தேவையான குறைந்தபட்ச பலத்தை, ஏற்றிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். ஏற்ற ஏற்ற, ஸ்நேரில் குச்சி நுனியால் இடும் மென்தட்டுகள் பதிவாகாமலே போகும். அடிகளுக்கு நடுவே நடையைத் தாங்கி நிற்பவை அவைதான். அவற்றை இழந்த பதிவை நான் வாசிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எனவே ஸ்நேரில் முடிந்தவரை மெதுவாகத் தட்டி, அது பதியும் அளவுக்குத் திரெஷோல்டை இறக்கிவிட்டு, தாவலைக் கிராஸ்டாக் அமைப்பில் தனியாகக் குறைக்கவேண்டும். சட்டத்தில் கிளாம்ப்களைச் சற்றுத் தள்ளி மாட்டினாலும் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.